மேல்செலவு ஆட்கள்

பொழுது புலரும் முன்பே எலிக்கூடத்தில் வேலை தொடங்கிவிடும். பல்கலைக்கழக ஆய்வுக் கட்டடத்தின் நிலத்தடித் தளம் அது, சன்னல் கிடையாது. வரிசை வரிசையாகக் கூண்டுகள். எலிகளை வேறு கூண்டுக்கு மாற்றி, நனைந்து கட்டிதட்டிய மரத்தூளைச் சுரண்டிக் கொட்டி, காலிக் கூண்டைக் கொதிநீர் இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். மூத்திரக் காரம் மூக்கில் ஏறி உச்சந்தலையைத் தொடும். சுவரில் இருந்த பெரிய விசிறிகள் அதை வெளியே இழுத்துத் தள்ளியதால்தான் மனிதர்கள் அங்கே நிற்க முடிந்தது.

அண்ணியும் அவள் நாத்தனாரும் சேர்ந்தே வேலைக்கு வருவார்கள். நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

ஆராய்ச்சிக்கு அரசாங்கம் தரும் பணத்தில் பெரும்பங்கை, கரண்டு, கூலி, அலுவலகம் என்று மேல்செலவுக் கணக்கில் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆராய்ச்சியாளர்கள் போராடி அதற்கு ஓர் உச்சவரம்பு வாங்கினார்கள். நியாயமான கோரிக்கைதான். வெட்டு விழுந்த இடம்தான் வேறு. பதிவாளர் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. எலிக்கூடத்தில் பாதி விசிறிகள் நின்றுபோயின.

காரம் தேங்கியது. கண்கள் எரிந்தன. ஒருநாள் காலை இயந்திரத்தின் கதவைத் திறந்த நாத்தனார், காரமும் கொதிநீராவியும் சேர்ந்து முகத்தில் அடிக்க, மூச்சு முட்டி, திறந்த கதவின் சூட்டுத் தகட்டின் மேலேயே சாய்ந்தாள். முழங்கை வரை தோல் வெந்து வழன்றது. அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, அடுத்த மாதத்திலிருந்து ஆட்களில் பாதிப் பேர் வரவேண்டாம் என்று உத்தரவு வந்தது.

எல்லாரும் பதிவாளரிடம் போனார்கள்.

"என் கையில என்னம்மா இருக்கு? அரசாங்கம் வரம்பு போட்டுடுச்சு. நீங்கள்லாம் மேல்செலவுல வர்றீங்க."

"நாங்க கீழதானே சார் வேலை செய்யறோம்?" என்றாள் அண்ணி. பின்னால் யாரோ சிரித்தார்கள். பதிவாளர் சிரிக்கவில்லை.

"என் நாத்தனா கை வெந்து கிடக்கா. விசிறியையாவது போடுங்க சார்."

"கரண்டும் மேல்செலவுதாம்மா."

"இந்த ரூமு கரண்டு?"

"அது வேற கணக்கு." அவர் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அண்ணி பேராசிரியரைத் தேடிப் போனாள். எலிகளெல்லாம் அந்த அம்மாளின் ஆராய்ச்சிக்குத்தான்.

"வரம்பு கேட்டதுல நானும் ஒருத்தி. ஆராய்ச்சிப் பணத்தை ஆபீஸ் தின்னுக்கிட்டிருந்தது. உங்க தலையில விழும்னு நினைக்கல," என்றார் பேராசிரியர்.

"இப்ப மிஞ்சற பணத்துல எங்களுக்குக் கூலி குடுக்கலாமே, மேடம்?"

"விதி இடம் குடுக்கல."

"எலிக்குத் தீனி?"

"அது வாங்கலாம்."

அண்ணி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

"வேலையை நிறுத்துவோம்," என்றார் கொதிநீர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் கொதிகலன்காரர்.

"நிறுத்தினா யாரு சாவா? பதிவாளரா? தண்ணியில்லாம எலிங்கதான் சாகும். வாயில்லா சீவன்," என்றாள் அண்ணி.

ஏழைக்கு இருக்கும் ஒரே ஆயுதமும் அங்கே முனை மழுங்கிப் போயிருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நாத்தனாருக்கு வார்த்தைக்கு வார்த்தை மூச்சு இழுத்தது. "எனக்காக யார்கிட்டயும் போய் நிக்காதீங்க அண்ணி. உங்களையும் அனுப்பிடுவாங்க."

"அனுப்பத்தான் போறாங்க. நின்னு பாத்தாச்சு. இனிமே உக்காந்து பாக்கறேன்," என்று அண்ணி அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் விடியலில், யாரெல்லாம் எலிகளுக்காகக் கீழே இருப்பது, யாரெல்லாம் மேலே பதிவாளர் அறைமுன் போய் உட்காருவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஆராய்ச்சி மாணவர்கள் படியிறங்கி வந்தார்கள். சிலர் ஏற்கனவே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"கூண்டை நாங்க மாத்தறோம் அண்ணி. நீங்க எல்லாரும் போங்க," என்றாள் ஒருத்தி. அவர்களுக்குப் பின்னால் பேராசிரியர், யார் முகத்தையும் பார்க்காமல், ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு நின்றார்.

பதிவாளர் அறைக்கு வெளியே, நடைபாதையின் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். காவலாளி வந்தார்.

"எழுந்திருக்கச் சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன்."

"கேட்டுட்டோம்ணா," என்றாள் அண்ணி.

அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. பக்கத்திலேயே நின்றார். மதியம் பதிவாளர் பின்வழியாகச் சாப்பிடப் போய், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. நாத்தனாருக்கு இன்னும் மூச்சு சீராகவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. காவலாளியின் வேலைநேரம் முடிந்து மாற்று ஆள் வந்தார். பழைய ஆள் வீட்டுக்குப் போகாமல் தொப்பியைக் கழற்றினார்.

"வாசல் காவலையும் குறைக்கப் போறாங்களாம். கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா."

அண்ணி தள்ளி உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்தவள் தள்ளினாள், அதற்கடுத்தவர் தள்ளினார். பூட்டிய கதவுக்கு முன்னால் அந்த வரிசை முழுக்க மெல்ல நகர்ந்து, ஓர் ஆளுக்கு இடம் விட்டது.