அண்ணன் இருக்கும் வகுப்பு

...அவனே எழுந்து போய்விடுவான், போகாமல் இருப்பானா, சின்ன வயதிலிருந்து அவன்தானே போயிருக்கிறான், டி.வி.யில் கதாநாயகனும் கதாநாயகியும் கொஞ்சம் நெருங்கி நின்றாலே இனோகே தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல எழுந்துவிடுவான், யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது வீடு. இங்கே பயிற்சிக் கல்லூரியில் எழுந்து போனால் அவனுக்கு வருகைப் பதிவு போய்விடுமே... கலோலைனி இடுப்பில் கட்டியிருந்த கியேகியே நார்க்கச்சையில் ஒரு நாரைத் திருகித் திருகி நூலாக்கியிருந்தாள். பெரியம்மா மகன் இனோகே திங்கட்கிழமைதான் இந்தப் பிரிவுக்கு வந்தான், அவன் இருந்த பிரிவின் விரிவுரையாளருக்குக் குழந்தை பிறந்ததால் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரமே யார் எந்தப் பாடம் நடத்திக் காட்டுவதென்று சீட்டுக் குலுக்கியாகிவிட்டது. யாருக்கோ கொசு ஒழிப்பு, யாருக்கோ பல் துலக்குவது, இவளுக்கு மட்டும் 'வளரும் வயதில் உடலில் வரும் மாற்றங்கள்'. வந்து வாய்க்கிறது பார். தலைப்பை மாற்றிக் கேட்டால் என்ன? கூடப் படிக்கிற தோவகாசே கேட்டாளே, அகாதா மிஸ் என்ன சொன்னார், "நாளைக்குப் பள்ளிக்கூடத்துலயும் மாத்திக் கேப்பியாம்மா?" முதல் நாளே வேறு சொல்லிவிட்டார், "இந்த ரூமுக்குள்ள அண்ணனும் கிடையாது தங்கச்சியும் கிடையாது. எல்லாரும் வாத்தியாருங்க." மிஸ்ஸும் டோங்காக்காரிதான். அண்ணன் காதுபடத் தங்கை இந்தப் பேச்சை எடுக்கக் கூடாதென்று தெரியாதா அவருக்கு? போன வருடம் இதே தாளில்தான் இவள் தேறவில்லை, இன்று பாடம் நடத்திக் காட்டுவதிலும் கோட்டைவிட்டால் கல்லூரியில் இவள் பெயரை அடித்துவிடுவார்கள், ஹாப்பாய்த் தீவில் அம்மா ஊரெல்லாம் "எம் பொண்ணு டீச்சர்" என்று சொல்லி வைத்திருக்கிறாள்...

"கலோலைனி, நீதான்."

படத்தை ஆணியில் மாட்டினாள், திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்த்தாள், மூன்றாம் வரிசையில் நாற்காலி காலி. அப்பாடா. எப்போது போனான்? சத்தமே இல்லையே. பதினொரு வயதுப் பிள்ளைகளாக நடிக்க வேண்டிய தடித்தடி ஆண்பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு "மாலோ எ லேலேய், மிஸ்" என்று கோரஸாக வணக்கம் பாடினார்கள். தொடங்கிவிட்டாள். குரல் உடைவது, முகப்பரு, நன்றாகத்தான் வந்தது, பிறகு சன்னல் கண்ணாடிச் சட்டங்களின் இடுக்கில் அவன் முதுகு தெரிந்தது. ஈரப்பலா மரத்தடியில் நிற்கிறான்... எல்லாச் சன்னலும் திறந்துதானே இருக்கிறது, இது அவன் காதில் விழுமே. குரலைத் தாழ்த்தினாள். "கேக்கல மிஸ்" என்றது பின் வரிசை. அகாதா மிஸ்ஸின் பேனா எதையோ குறித்தது. குரல் தெளிவுக்குத் தனி மதிப்பெண். உயர்த்தினாள், அவன் மரத்தை விட்டு வேலிப் பக்கம் நடந்தான். மாதவிலக்கு என்ற சொல்லை எடுத்ததும் வேலியையும் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டான், கொளுத்துகிற வெயிலில், தலையில் ஒரு துண்டுகூட இல்லாமல். பாவி, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயேன், இல்லை, போகாதே, எதற்காக உனக்கு இந்தத் தண்டனை? சாயங்காலம் பார்த்து ஒரு நன்றி சொல்லலாமென்றால் அதற்கும் இந்தப் பேச்சையல்லவா எடுக்க வேண்டும், ஆயுசுக்கும் முடியாது. அந்த எரிச்சலோ என்னவோ, அதன்பிறகு இவள் யாருக்கும் கூசாமல் சொன்னாள், சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை, மிஸ் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தேறிவிடுவேன், நிச்சயம் தேறிவிடுவேன் என்று உள்ளே ஒன்று துள்ளியது.

"சந்தேகம் யாருக்காவது?"

தோவகாசே கையைத் தூக்கினாள். வம்புக்காரி, குழந்தைக் குரலில் இழுத்தாள், "மிஸ், எங்க வகுப்புல எங்க அண்ணனும் இருக்கான் மிஸ். நான் எப்படி மிஸ் சந்தேகம் கேக்குறது?" அறை வெடித்துச் சிரித்தது. அகாதா மிஸ் சிரிக்கவில்லை. "பதில் சொல்லும்மா. குழந்தை கேக்குதுல்ல."

கலோலைனி "நல்ல கேள்வி" என்றாள், பதில் தெரியாத எல்லா ஆசிரியர்களையும் போல. சொல்லிவிட்டு வகுப்பைப் பார்த்தாள், வகுப்பைத்தான் பார்த்தாளா, அவள் ஊர்ப் பள்ளிக்கூடம் அல்லவா கண்ணில் வந்தது, ஒரே அறை, அதில் யாருக்கு யார் உறவில்லை, சித்தி மகன், பெரியப்பா மகள், மாமன் பிள்ளைகள், டோங்காவில் எல்லோருமே அண்ணன் தங்கைதான். அங்கே யார் எழுந்து வெளியே போவது? அண்ணன்மார் எல்லாம் போய்விட்டால் அவர்களுக்கு இதை யார் சொல்வது? இனோகே போனதால்தானே இன்று இவளுக்கு வாய் வந்தது... அவனுக்கும் இதே பாடம்தானே வேண்டும், அவனும் நாளைக்கு வாத்தியார்தானே, அவனுக்கு இதை யாராவது ஒரு நாளாவது உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருப்பார்களா? எல்லா இடத்திலும் அவன்தானே எழுந்து போயிருக்கிறான். மிஸ் காத்திருந்தார். ரோட்டில் ஒரு லாரி போய்ப் புழுதி அடங்கியதும் அவன் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான், இந்தப் பக்கம் முதுகைக் காட்டி, எப்போது முடியுமென்று தெரியாமல்.