அக்கா லேட்

அந்த வீட்டில் சும்மா நின்ற பொருள் ஒன்றுகூடக் கிடையாது. கண்ணாடி, பீரோ, ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றின் நெற்றியிலும் ஒரு மஞ்சள் சீட்டு. சீட்டில் அக்காவின் கோழிக்கிறுக்கல். கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தை ஒன்று, அதை மண்டையில் ஏற்ற ஒரு குசும்பு. குளியலறைக் கதவில் இருந்தது, ‘அடமன்ட்: அடம் பிடிக்கிறவ. உள்ள போனா வெளிய வராத என் தங்கச்சி மாதிரி.’

தங்கச்சி ஒரு நர்ஸ். இங்கிலீஷ் வாய்த்தேர்வில் தேறினால்தான் வேலை நிரந்தரம். மூன்று தடவை கோட்டை விட்டவள். நான்காவது தடவைக்குள் அக்கா போய்விட்டாள், மூளையில் ரத்தம் கசிந்து, ஒரே மத்தியானத்தில்.

சீட்டுகளைத் தங்கச்சி கிழிக்கவில்லை. கிழித்தால் நிஜமாகிவிடுமே! ‘செத்துட்டா’ என்ற வார்த்தை இன்றுவரை அவள் வாயில் வந்ததில்லை. படிக்கும்போது உச்சரிப்பு தப்பினால் முதுகுக்குப் பின்னால் “ச்சு” என்று கேட்கும். அக்காவின் அதே ச்சு. அவள் திரும்பவே மாட்டாள். திரும்பினால் யாரும் இல்லாமல் போய்விடுவார்களோ என்ற பயம்.

தேர்வு நாளும் வந்தது. தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும் தோல்வி என்று கதவிலேயே ஒட்டியிருந்தார்கள்.

“பிரமாதமா பேசுறீங்களே, யாரு சொல்லிக் குடுத்தா?” என்று இங்கிலீஷில் கேட்டார் தேர்வு நடத்திய அம்மாள்.

அக்கா என்றாள்.

“இப்ப எங்க இருக்காங்க?”

அடப்பாவமே, எங்கே என்று சொல்வாள்? கண்ணாடிச் சீட்டு கைகொடுத்தது. ‘லேட்: இறந்தவங்களை மரியாதையா சொல்றது. நான் போனா என்னையும் இப்படிச் சொல்லுடி, எருமை.’

“மை சிஸ்டர் இஸ் லேட்.”

“லேட்டா? பரவாயில்ல, மெதுவா வரட்டும். நானும் பார்த்துடறேன்” என்று அந்த அம்மாள் எழுந்து கதவைத் திறந்து வைத்தார்.

திருத்த ஒரு வார்த்தை போதும், ‘டிசீஸ்ட்’, காலமானவர். ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது அது, மனப்பாடம். நாக்குதான் எழவில்லை. ஏன் எழ வேண்டும்? அக்கா வருவாள் என்று இத்தனை நாளில் ஒருவர்கூட அவளிடம் சொன்னதில்லை.

தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம். இடது காலை லேசாக இழுக்கும் அக்காவின் அதே நடை. வாசலில் வந்து நின்றது.

“ச்சு.”

முதல் தடவையாகத் திரும்பினாள். வாசலில் யாருமே இல்லை.

“எங்க அக்கா செத்துட்டா மேடம்” என்று வாய்விட்டு அழுதாள். அத்தனை வார்த்தை படித்தும், தமிழில்தான் வந்தது.