தினம் இரண்டு கிலோமீட்டர்

என் கணவர் இளம்பரிதி தினமும் காலையில் என் ஸ்கூட்டரைத் துடைத்து வைப்பார். சாயங்காலம் நான் வந்ததும் இன்னொரு தடவை துடைப்பார். கல்யாணமான நாலு வருஷமாக இதே வழக்கம். சூளகிரி பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனி வாசல் வரை இருபத்தியொரு கிலோமீட்டர். அத்தனை லாரிப் புகையிலும் தூசியிலும் போய் வரும் வண்டி, ஷெட்டில் புதுசு மாதிரி நிற்கும். கம்பெனியில் நான் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளாத ஆளே பாக்கியில்லை. "எங்க ஊட்டுக்காரர் குடிச்ச டம்ளரக்கூட எடுத்து வெக்க மாட்டார். உனக்கு வாய்ச்சிருக்குடி சுமலதா" என்று பக்கத்து டேபிள் ஜோதிமணி பெருமூச்சு விடுவாள். எனக்குத் தலைகால் புரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் டீயைக்கூடத் தொடாமல் தன் போனை என் முன்னால் வைத்தார்.

"தினம் ரெண்டு கிலோமீட்டர் எங்க போயிட்டு வர்ற?"

திரையில் என் ஸ்கூட்டரின் மீட்டர். விரலால் தள்ளினேன். அடுத்ததும் மீட்டர், அதற்கடுத்ததும் மீட்டர். காலையில் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம். தள்ளிக்கொண்டே போனேன், கல்யாணமான மாசம் வரைக்கும் இருந்தது. ஒரு கையில் துணி, இன்னொரு கையில் போன். நான் பீற்றிக்கொண்டதெல்லாம் இதைத்தான்.

"போக வர நாப்பத்திரெண்டு. மூணு வாரமா நாப்பத்தி நாலு காட்டுது. ஏதாவது சொல்லு. இல்லனா நாளையிலருந்து வேலைக்குப் போவ வேணாம், நின்னுக்கோ."

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கம்பெனியில் இரும்புப் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை எனக்கு; நான் இருப்பது இன்ஸ்பெக்‌ஷனில். அங்கே ஒரு அளவு தப்பாக வந்தால் முதலில் அளக்கிற கருவியைத்தான் சந்தேகப்படுவோம். இரும்புத் துண்டுக்குக் கொடுக்கிற அந்த மரியாதை என் வீட்டில் எனக்கு இல்லை. ஆறு வருஷ வேலை, என் பேர், இரண்டையும் ஒரு போனை வைத்துக்கொண்டு பறிக்கப் பார்க்கிறார்.

மூணு வாரம் என்றதும் முன்சக்கரத்து டயர் ஞாபகம் வந்தது. மூணு வாரத்துக்கு முன்னால்தான் அதை மாற்றினோம். மாற்றிக்கொண்டு வந்தவரே அவர்தான்.

"வண்டியில ஏறுங்க" என்றேன்.

அவரைப் பின்னால் உட்கார வைத்து ஹைவேக்குப் போனேன். ஒரு கிலோமீட்டர் கல்லருகே நிறுத்தி மீட்டரைக் காட்டினேன். அங்கிருந்து பத்தாவது கல் வரைக்கும் ஓட்டினேன். வேக முள் ஐம்பதில் நின்றபோது அவர் போன் மேப் நாற்பத்தெட்டு என்றது. பத்தாவது கல்லில் மீட்டர் பத்து கிலோமீட்டருக்கு மேல் நானூறு மீட்டர் கூட்டிக் காட்டியது. நேராக டயர் மாற்றிய திம்மப்பன் கடைக்கு விட்டேன்.

திம்மப்பன் குனிந்து டயரில் இருந்த எண்ணைப் படித்தார். "இது தொண்ணூறு தொண்ணூறும்மா. பழசு தொண்ணூறு நூறு. அந்த சைஸ் ஸ்டாக் இல்ல, இது கொஞ்சம் குள்ளம், பரவால்லயான்னு சார அப்பவே கேட்டேனே. போடு போடுன்னாரு."

"குள்ளமா இருந்தா மீட்டர் ஜாஸ்தி காட்டுமாண்ணா?"

"காட்டாம? மீட்டருக்கு ரோடு எங்க தெரியும்? முன்சக்கரம் எத்தன சுத்து சுத்துதுன்னுதான் எண்ணும். சின்ன சக்கரம் அதே தூரத்துக்கு ஜாஸ்தி சுத்தும். நூறுக்கு நாலு ஏறும். வேகமும் அப்டியே ஏத்தித்தான் காட்டும்."

நாற்பத்திரண்டுக்கு அது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். இளம்பரிதி கணக்குப் போட்டுப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அப்பாடா! டயர்தானா? மூணு வாரமா தூக்கமே இல்ல சுமா. சரி உடு, நாளைக்கு வேலைக்குப் போ. எளநி குடிக்கிறியா?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். தப்பு பண்ணிட்டேன் என்றுகூட வேண்டாம், அந்தப் படங்களை அழித்திருந்தாலே போதும். அவர் போனை எடுத்தபோது, அழிக்கத்தான் போகிறார் என்று நிஜமாகவே நம்பினேன். அவ்வளவு முட்டாள் நான்.

"அப்போ நாளையிலருந்து நூறுக்கு நாலு கழிச்சிப் பாத்தா சரியா வந்துடும், இல்ல?" என்று கேட்டார்.

காலையிலிருந்து வெயிலில் ஓடி ஓடி, அவர் என்னை வேவு பார்க்கிற கருவியைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினேன்.

"நீங்க பஸ்ஸில வாங்க."

"என்னா ஆச்சு இப்ப? அதான் தப்பு ஒன்னுமில்லன்னு தெரிஞ்சிடுச்சே!"

"நாளைக்கு மீட்டர் எத்தன காட்டினாலும் போட்டோ எடுத்து வெச்சிக்குங்க. எங்க போனேன்னு மட்டும் இனிமே சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.