மூன்றாம் அறையின் ஊளை

சுற்றுலாக் கப்பல் வந்த நாளென்றால் தீவின் மலைக்கோட்டையில் வழிகாட்டி கார்லைலுக்குத் தலை சொறியக்கூட நேரமிருக்காது. வெள்ளைக்காரக் கூட்டத்துக்குப் பீரங்கி மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் மூன்றாம் அறைக்குக் கூட்டிப்போவான். அங்கே என்ன கூத்தடிக்கிறான் என்று கேள்விப்பட்டுத்தான், ஜாதிக்காய்க் கூடையைச் சந்தையில் அப்படியே போட்டுவிட்டு அவனுடைய அக்கா வெர்னெட்டா மூச்சு வாங்க மலையேறி வந்தாள். என் தம்பி அப்படிச் செய்யமாட்டான் என்று சந்தையில் சத்தியமே செய்திருந்தாள்.

வந்திருக்கவே வேண்டாம்.

"இந்தக் கோட்டை பைத்தியக்கார ஆஸ்பத்திரியா இருந்த காலத்துல, இந்த ரூம்ல ஒரு பொம்பள இருந்தா. பேரு ஆக்டேவியா! பௌர்ணமி வந்தா போதும், சுவத்தக் கடிப்பா!" கார்லைல் கண்ணை உருட்டிக் காட்டினான். வெயிலில் சிவந்த கூட்டம் கெக்கெக்கே என்று சிரித்தது. ஒருத்தி ரம்மை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று வெர்னெட்டா எல்லாவற்றையும் கேட்டாள். சீ, இவனும் ஒரு மனுஷனா! ஆக்டேவியா யாரென்று இவனுக்குத் தெரியாதா என்ன? இரண்டு பேரையும் பெற்றவள். அவள் சுவரையும் கடிக்கவில்லை, ஒரு மண்ணையும் கடிக்கவில்லை. ஞாயிறுதோறும் மகள் கொண்டுவந்த பொரித்த ரொட்டியைக்கூட வாயில் வைக்காமல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். அவளை இங்கே கொண்டுவந்து அடைத்தபோது கார்லைல் கைக்குழந்தை. அவள் முகம் இவனுக்கு நினைவே கிடையாது.

"இப்ப யாராவது உள்ள போய் ஆக்டேவியா மாதிரி ஊளையிடணும். யாரு வர்றீங்க?"

"நான் வரேன்டா."

கார்லைலின் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, நீ எங்க இங்க?" என்று கிசுகிசுத்தான். "கீழ போ. வீட்ல பேசிக்கலாம்."

"ஏன், ஆள் கேட்டல்ல? தள்ளு."

உள்ளே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஊளையிடவில்லை. ஞாயிறுதோறும் அம்மா கேட்ட ஒரே கேள்வியை, அம்மாவின் குரலிலேயே கேட்டாள்.

"வெர்னி, தம்பி பால் குடிச்சானா? என் கார்லைல் ராத்திரி அழுதானா?"

எல்லோரும் கைதட்டினார்கள், தட்டித் தொலைத்தார்கள். அவள் வெளியே வந்ததும் ஓலைத் தொப்பிக்காரர் ஒருவர், "என்னமா நடிக்கிறீங்க!" என்று ஐந்து டாலர் நோட்டை அவள் கையில் திணித்தார்.

வெர்னெட்டா அதை அப்படியே தம்பியின் சட்டைப் பையில் செருகினாள்.

"வச்சுக்கடா. அம்மா சம்பாதிச்சது."