புளியமரத்தில் கட்டுண்ட வீரர்

என் வீட்டுக்காரர் ராஜாங்கத்துக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. மேடைப் பேச்சு ஒன்றுதான். மைக்கில் ஒருவன் தொண்டையைக் கனைத்தால் போதும், மனுஷனுக்குக் கண் சொக்கிவிடும். திருக்கோவிலூர்ச் சந்தைக்கு வேர்க்கடலை மூட்டையோடு போனவர், வழியில் ஒரு கூட்டத்தைக் கேட்டுவிட்டு மொட்டைத் தலையோடு திரும்பினார். கோரிக்கை நிறைவேறும் வரை முடி வளர்ப்பதில்லை என்று சபதமாம். என்ன கோரிக்கை என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

எண்பத்தேழில் எங்கள் சாதிக்காரர்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. வேலையில் பங்கு வேண்டும் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. எங்கள் பிள்ளைகளும் படித்துவிட்டு மாடுதானே மேய்த்தார்கள். ஆனால் சாலை மறியல் என்று நாள் குறித்த வாரத்தில்தான் எங்கள் பெண் பாப்பாத்திக்கு மாதம் நிறைந்திருந்தது. தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மலையடிவாரத்தில் எங்கள் ஊருக்கு இருந்தது ஒரே டிராக்டர், எங்களுடையது. ஓட்டத் தெரிந்தவரும் இவர் ஒருவர்தான்.

மறியலன்று காலையில் எங்கள் தெருமுனையிலேயே கூட்டம். வீட்டிலேயே இருங்கள் என்றேன். பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாதாம். கேட்டால் போகாமலும் இருக்க முடியாதாம். இதற்கு வழி சொன்னவர் சரித்திர வாத்தியார் அரங்கநாதன். கிரேக்க நாட்டில் ஒரு கப்பல் வீரன் இருந்தானாம், பெயர் என் வாயில் நுழையாது. பாட்டுப் பாடியே ஆளைக் கொல்லும் கடல் மோகினிகளை அவன் தாண்டிப் போக வேண்டியிருந்ததாம். துடுப்புப் போடுகிறவர்கள் காதில் மெழுகை அடைத்துவிட்டு, தன்னை மட்டும் பாய்மரத்தில் கட்டச் சொல்லி, பாட்டை முழுசாகக் கேட்டானாம். அவிழ்த்துவிடு என்று கதறினால் இன்னும் இறுக்க வேண்டும் என்று முன்கூட்டியே உத்தரவாம். ஆளைப் பன்றியாக்கும் சூனியக்காரி ஒருத்தியையும் அவன் ஒரு பச்சிலையை வைத்தே ஜெயித்தானாம். பச்சிலைக்கு மலையேற நேரமில்லாததால் இவர் கயிற்றோடு நிறுத்திக்கொண்டார்.

ஊருக்கு வெளியே காலனியிலிருந்து எங்கள் நிலத்தில் கூலிக்கு வரும் முனியனைக் கூப்பிட்டு, சாலையோரப் புளியமரத்தில் மாட்டுக் கயிற்றால் தன்னைக் கட்ட வைத்தார். "நான் இன்னா கத்துனாலும் அவுக்காத. எம் பொண்டாட்டியே வந்து சொன்னாலும் அவுக்காத. கத்தக் கத்த இறுக்கு," என்று சொல்லி, அவன் காதில் பஞ்சையும் அடைத்துக்கொள்ளச் சொன்னார். மறியல் என்றால் சாலையோர மரத்தைத்தான் முதலில் வெட்டிப் போடுவார்கள் என்பது இவருக்கும் தோன்றவில்லை, அந்த வாத்தியாருக்கும் தோன்றவில்லை.

பேச்சு ஏற ஏற இவர் கத்தினார், முனியன் இறுக்கினான். அந்த நேரம் பார்த்துப் பாப்பாத்திக்கு வலி கண்டுவிட்டது. தலைவிரி கோலமாக ஓடினேன். அவிழ்த்துவிடச் சொன்னால், முனியன் வாக்குத் தவறாமல் இன்னொரு சுற்றுச் சுற்றினான். பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பதறிப்போய் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தான். இறுகிப்போன முடிச்சு, கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் கோடாலியோடு கூட்டம் மரத்தடிக்கு வந்துவிட்டது. மேடையில் இருந்தவன் இவரைப் பார்த்துவிட்டான். நம் இனம் கட்டுண்டு கிடப்பதைத் தன் உடம்பாலேயே காட்டும் வீரனைப் பாருங்கள் என்றான். ஒரே கைதட்டல்.

கயிறு அவிழ்ந்ததும், பெண்ணுக்கு வலி என்று இவர் காதருகே போய்ச் சொன்னேன். அந்தக் காதில் மைக் ஒன்றுதான் கேட்டது. மாலையைப் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். புளியமரத்துக்கு முதல் வெட்டு இவர் கையால்தான் விழுந்தது. மரம் சாலைக்குக் குறுக்கே சாய்ந்தது. டிராக்டர் சாவி இவர் இடுப்புக் கயிற்றில் இருந்தது. பாவி மனுஷா என்று வயிற்றில் அடித்துக்கொண்டேன்.

முனியன்தான் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்தான். அவனும் அவன் மனைவி ஆயம்மாளும் அவளுடைய தம்பிமார் இரண்டு பேருமாகப் பாப்பாத்தியைக் கட்டிலோடு தூக்கினார்கள். நாலு மைல், வழியெல்லாம் வெட்டிப்போட்ட மரம். மூன்றாவது மரத்தில் மறித்தார்கள். நடுவில் மாலையும் கோடாலியுமாக நின்றவர் இவர்தான்.

"யாரா இருந்தாலும் வுட மாட்டோம்," என்று கையைத் தூக்கினார்.

"யப்பா," என்றாள் பாப்பாத்தி. கத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

கோடாலி கீழே விழுந்தது. தூக்கத்தில் தட்டி எழுப்பினதுபோல் மலங்க மலங்க விழித்துவிட்டு, அவர் முதலில் கேட்ட கேள்வி இது: "ஏன், டிராக்டர எடுத்துக்கினு வர்றதுதான?"

நான் பதில் சொல்லியிருந்தால் அந்தக் கோடாலியால்தான் சொல்லியிருப்பேன்.

ஆயம்மாள் தோளில் இருந்த கட்டில் காலை இவர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் முனியனிடம் மெல்ல விசாரித்தார். நீயும்தான் கடைசியில் கால் மணி நேரம் பேச்சைக் கேட்டாயே, உன்னை மட்டும் அது எப்படி இழுக்கவில்லை, ஏதாவது மந்திரம் கிந்திரம் வைத்திருக்கிறாயா என்றார்.

"அதுல எங்களுக்குன்னு ஒரு வார்த்தகூட வரலீங்களே," என்றான் முனியன்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு கட்டிலைத் தோள் மாற்றிக்கொண்டார். எனக்கும் முனியன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அறுத்துத்தான் எடுத்தார்கள். ஆண் பிள்ளை. பாப்பாத்தியும் பிழைத்தாள். இத்தனை மறியலிலும் தோளில் சுமந்து கொண்டுவந்தீர்களே, நீங்களல்லவா வீரர் என்று டாக்டரம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார். மாலை இன்னும் கழுத்தில் கிடந்தது. மனுஷன் தலையை ஆட்டி அதையும் வாங்கிக்கொண்டார். வெளியே குழாயடியில் ஆயம்மாளும் முனியனும் கட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.