பெட்ரோல் மூடியில் ஓர் எலுமிச்சம்பழம்

மச்சான் டில்லிபாபுவுக்குக் கொள்ளிக்கண் என்பதில் ஜெயவேலுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவன் திருவொற்றியூருக்கு வந்து, புதுக் காரைச் சுற்றிப் பார்த்து, "சோக்கா கீது மாமா" என்று சொல்லிவிட்டுப் போன மறுநாளே டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இத்தனைக்கும் அவன் தெரு முனை தாண்டியதுமே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியாயிற்று. முன்பக்கம் தொங்கவிட்டால் தெரு ஆடு தின்றுவிடும். மிளகாயைக்கூட விடாத ஜென்மம் அது. அதனால் பெட்ரோல் ஊற்றும் இடத்துச் சின்னக் கதவுக்குள், மூடியின் மரையில் கயிற்றைச் சுற்றித் திருகி, பழத்தை ஒளித்துவைத்தார். யோசனை மனைவி சொக்கம்மாளுடையது, அதாவது டில்லிபாபுவின் அக்காவுடையது. பிறந்த வீட்டு மூளை.

மணலி ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் கமால் பாய், கோளாறு காட்டுகிற மெஷினைச் செருகிப் பார்த்தார். பிளக் போனாலும் அந்த விளக்கு எரியும், புகை பார்க்கிற சென்சார் கெட்டாலும் எரியும், பெட்ரோல் மூடி சரியாக மூடாவிட்டாலும் எரியும் என்றார். எல்லாம் நன்றாகவே இருந்தன. மூடி கல்லு மாதிரி இறுகியிருந்தது. இறுகாமல் என்ன செய்யும்? அடுத்தவர் தொழில் செய்யும் இடத்துக்குத் திருஷ்டியைக் கொண்டுபோகக் கூடாது என்பது சொக்கம்மாள் சட்டம். பழத்தை வீட்டிலேயே அவிழ்த்துவிட்டுத்தான் ஜெயவேல் ஷெட்டுக்குப் போவார்.

கமால் விளக்கை அணைத்து அனுப்புவார். வீடு திரும்பியதும் புதுப் பழம், முன்னைவிடத் தடித்த கயிறு. இரண்டு நாளில் மஞ்சள் மறுபடி வந்து நிற்கும். ஷெட்டில் அணைகிறது, வீட்டில் எரிகிறது. அப்படியானால் கோளாறு காரில் இல்லை, வீட்டுக்கு வந்து போகிறவனிடம்தான் என்று ஜெயவேல் முடிவுகட்டினார்.

மகள் எழில்மொழியின் கல்யாண வேலையாக வந்த டில்லிபாபு, "இன்னும் எரியுதா மாமா?" என்று அக்கறையாகத்தான் கேட்டான். ஜெயவேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"உன் கண்ணு பட்டா பச்ச மரமும் பட்டுப்பூடும். கல்யாணத்துக்கு நீ வராத."

டில்லிபாபு தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சொக்கம்மாள் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். எழில்மொழிதான் வாய் திறந்தாள்.

"மாமா மால போடாம நான் மணையில உக்கார மாட்டேன் நைனா."

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, பரிசுப் பொருளோடு வந்த கமால், காரின் பெட்ரோல் கதவிலிருந்து ஒரு கயிற்று நுனி தொங்குவதைப் பார்த்தார். திறந்தார். பழத்தைப் பார்த்தார். வாசல்படியிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கயிறு இருந்தால் மூடி இறுகாது, இடுக்கில் பெட்ரோல் ஆவி கசியும், கசிந்தால் விளக்கு எரியும். அவ்வளவுதான் சங்கதி.

ஜெயவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மச்சானிடம் எப்படிப் போவது? ஆனாலும் போனார். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் டில்லிபாபு தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜெயவேல் நின்றபடியே, ஆடு முதல் கயிறு வரை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

டில்லிபாபு கோபப்படவில்லை. தன் காரின் பெட்ரோல் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே மூடியில் ஓர் எலுமிச்சம்பழம் தொங்கியது. ஜெயவேலுடையதைவிடப் பெரியது.

"பொங்கலுக்கு வந்து என் வண்டிய சூப்பர்னு சொன்னீங்களே மாமா. அன்னிலேந்து இதுலயும் எரிஞ்சிகினுதான் கீது."

"அப்போ என் கண்ணுன்னு நெனச்சியா?"

"வேற யாரு கண்ணு? ஆனா உங்கள என் வூட்டுக்கு வராதீங்கன்னு நான் சொல்லலியே."

ஜெயவேல் தலைகுனிந்து அந்தப் பழத்தை அவிழ்த்து, மூடியை இறுகத் திருகினார். நிமிர முடியாமல் அங்கேயே நின்றுகொண்டு, பூக்காரரிடம் மாலைக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டார்.

"அது அப்பவே சொல்லியாச்சி," என்றான் டில்லிபாபு.