வீட்டுப் பெண் ஏறாத படகு

விடிந்ததிலிருந்து செவ்வந்தி அடுப்பை விட்டு நகரவில்லை. நண்டை உடைத்து, இறாலை உரித்து, மடவை மீனில் குழம்பும் வைத்து முடித்தபோது பொன்னேரியிலிருந்து முரளி வந்து சேர்ந்தான். அவள் கணவன் முத்துராஜுக்குப் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன். கூடவே மனைவி ஹேமாவதியும் ஐந்து வயது மகள் திவ்யாவும்.

செவ்வந்தியின் மகள் பூவிழிக்கும் அதே வயது. சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டும் ஒரே தட்டில் கைவைக்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டன.

"வாங்க, ஏரியில ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். பூநாரை வந்து நிக்குது" என்றான் முத்துராஜ்.

எல்லோருக்கும் முன்னால் பூவிழிதான் கரைக்கு ஓடினாள். படகில் முரளி ஏறினான். "பாத்து தங்கச்சி, வழுக்கும்" என்று ஹேமாவதிக்கு முத்துராஜ் கை கொடுத்தான். திவ்யாவைத் தூக்கி உட்கார வைத்தான். அடுத்து தன் முறை என்று பூவிழி இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"நீ அம்மாகூட வூட்டுக்குப் போ கண்ணு."

பின்னால் வந்த செவ்வந்தி நின்றாள். அந்தக் குப்பத்தில் வலை ஏற்றும் படகில் வீட்டுப் பெண்கள் கால் வைப்பதில்லை. வைத்தால் மீன் படாது என்பார்கள். அக்கரைக்குப் போக வேண்டுமானால் கூலிப் படகுதான். கல்யாணமான நாளிலிருந்து அவளும் தள்ளி நின்றே மீன் கூடையை வாங்கியிருக்கிறாள். அதை ஒரு குறையாக நினைத்ததுகூட இல்லை, ஹேமாவதி அந்தப் பலகையில் சௌகரியமாக உட்காரும் வரை.

"யோவ், இன்னாய்யா இது?"

எப்போதும் மாமா என்று கூப்பிடுகிறவள் வாயில் 'யோவ்' வந்தால் என்ன அர்த்தம் என்று முத்துராஜுக்குத் தெரியும். குரலைத் தணித்தான்.

"தெரியாத மாதிரி கேக்குறியே. நம்ம வூட்டுப் பொண்ணு ஏறக்கூடாதில்ல?"

"அந்தப் பொண்ணு ஏறலாமா?"

"அவங்க விருந்தாளி. அவங்களுக்கு இதெல்லாம் கெடையாது."

"ஓகோ! பொன்னேரிப் பொம்பள ஏறினா மீனு வந்து வுழும், எம் பொண்ணு ஏறினா ஓடிப்பூடுமா? ஊரு பேரு கேட்டுக்கினுதான் மீனு வலைக்கு வருதா?"

முரளி தெரியாத்தனமாகச் சிரித்துவிட்டான். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களில் அங்கமுத்து நிமிர்ந்தார். குப்பத்துக் கூட்டங்களில் அவர் சொல்தான் முதல் சொல்.

"டேய் முத்துராஜ், படகு உனுதா, உம் பொண்டாட்டிதா?"

கரையே சிரித்தது. முத்துராஜின் முகம் கறுத்தது.

"மானத்த வாங்காத, போ செவ்வந்தி."

"படகு மூஞ்சில பூவிழினு எழுதி வெச்சிகீற. எம் பொண்ணு பேரு மட்டும் தண்ணிக்குப் போலாம், அவ போகக்கூடாது, அப்படித்தான?"

"நான் எறங்கிக்கிறேன்க்கா" என்று ஹேமாவதி எழுந்தாள்.

"நீ ஒக்காரு தங்கச்சி. உம்மேல எனக்கு இன்னா கோவம்?"

இவ்வளவு நேரம் அழாமல் குனிந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்த பூவிழி, அப்பனின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, நான் காலு கழுவிக்கினு வரட்டா?"

முத்துராஜால் அதைத் தாங்க முடியவில்லை. "சரி வா, சின்னக் கொழந்ததானே" என்று குனிந்தான். செவ்வந்தி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப ஏத்திட்டு, வயசுக்கு வந்தா எறக்கி வுடுவ. அன்னிக்கும் காலு கழுவிக்கினு வரட்டானு கேப்பா. அன்னிக்கு இன்னா சொல்லுவ? சொல்லேன்யா!"

செவ்வந்தி மகளை இடுப்பில் ஏற்றி, புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகி, முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். படகின் விளிம்பைப் பற்றி ஏறியே விட்டாள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

சிரிப்பு நின்றது. "எறக்குடா அவள! இல்லனா நாளைக்குக் கூட்டத்துல வந்து நில்லு!" என்று அங்கமுத்து கத்தினார்.

முத்துராஜ் கரையைப் பார்த்தான். ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். இறங்கச் சொன்னால் இறங்குவாள். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் அவனை மாமா என்று கூப்பிட மாட்டாள். அவன் படகில் ஏறி, கழியை ஊன்றித் தள்ளினான்.

வெகுதூரம் வரை குழந்தைகள் பறவைகளைக் கண்டு கூச்சலிட்டன. செவ்வந்தி அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மூச்சு இன்னும் சூடாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"நாளைக்குக் கூட்டத்துல நான் பேசிக்கிறேன்டி. நீ பயப்படாத."

"யாரு பயந்தா? நானும் வரேன். எம் பொண்ணு கேட்டத அவங்க எதிர்ல நின்னு சொல்றேன். யாராவது பதில் சொல்லட்டும்."

"அந்தக் கூட்டத்துக்குப் பொம்பளைங்க..." என்று ஆரம்பித்தவன், அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டான்.

"சரி, வா" என்றான்.